ஏசாயா ஐம்பத்து மூன்றும் அப்பாவின் முறையும்

தேதியைச் சரியாகச் சொல்லத்தான் ஆசை. அன்று எழுதிய கொப்பியில் கூரை ஒழுகித் தேதி அழிந்துவிட்டது. பெரிய வெள்ளிக்கு முந்திய செவ்வாய் என்பது நிச்சயம். எனக்கு ஒன்பது வயது.

நமுனுகுலயில் எங்கள் தோட்டத்துக் கோயிலில், பெரிய வெள்ளியன்று வேதாகமத்தின் ஏசாயா ஐம்பத்து மூன்றாம் அதிகாரத்தை விளக்கிப் பேச வருடத்துக்கு ஒரு தொழிலாளியை நிறுத்துவார்கள். பதினொரு வருடம் காத்திருந்து அப்பாவுக்கு அந்த முறை கிடைத்திருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, கண் செருகச் செருகப் பேசிப் பழகுவார்: அதில் வரும், அடிபட்டும் வாய் திறக்காத அந்த ஊழியக்காரன் இயேசுவே.

செவ்வாயன்று மழைக்கு, ஆட்டோ ஓட்டும் மாமா ஒரு வெளிநாட்டுப் பெண்ணோடு எங்கள் லயத்து வீட்டில் ஒதுங்கினார். இஸ்ரேலிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த யூதப் பெண். அப்பா வேலையில் இருந்தார். அவருடைய வேதாகமம் விரித்தபடி கிடந்தது. எந்த அதிகாரம் என்று மாமா சொன்னதும், தங்கள் ஆட்கள் பெரும்பாலும் அதை வேறு விதமாக வாசிப்பார்கள் என்றாள். ஊழியக்காரன் பின்னால் வரப்போகும் ஒருவர் அல்ல. ஊர் ஊராக விரட்டப்பட்டு அடிவாங்கிய அவர்களுடைய சனம் முழுவதும். அதற்கு முந்திய அதிகாரங்களில் கடவுள் இஸ்ரவேலையே ஊழியக்காரன் என்று அழைப்பதை எண் பார்த்துப் புரட்டிக் காட்டினாள்.

"மச்சான் மூணு மாசமா தொண்ட காயப் பேசுறாரு. இவங்க மூணு நிமிசத்துல முடிச்சிட்டாங்க" என்றார் மாமா. அவள் சொன்னதை மாமா தமிழில் சொல்லச் சொல்ல, நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் மாலை அப்பாவின் பேச்சைக் கேட்டுப் பார்க்கப் பதுளையிலிருந்து போதகர் கோயிலுக்கு வந்தார். அப்பா தொடங்கியதுமே நான் கொப்பியோடு எழுந்து, அது ஒரு ஆள் இல்லை, ஒரு சனம் என்று புத்தகத்துக்குச் சொந்தக்காரங்களே சொன்னதாக அறிவித்தேன்.

போதகர் அப்பாவைப் பார்த்தார். "இதெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததா?"

தான் அப்போது வீட்டிலேயே இல்லை, பிள்ளை எதையோ உளறுகிறது என்று அப்பா ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அவர் பேசாமல் நின்றார். முறை வேறொருவருக்குப் போனது.

அடி விழும் என்று பயந்தபடி வீட்டுக்கு நடந்தேன். அப்பா வாசல் கல்லில் உட்கார்ந்தார். உள்ளே அம்மா, கொழுந்து பறித்து வெடித்த விரல்களில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்தபடி என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"ஒரு சனம் முழுக்கவாம்மா?"

"ஆமாப்பா."

கொப்பியில் நான் அன்று எழுதிய கடைசி வரி இன்னும் அழியவில்லை: 'போதகர் ஐயா கேட்டதற்கு அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை.'