மூன்றாவது பாட்டில்

த்ரோயான் பேருந்து நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் ரைனா உட்கார்ந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஊரில் பாதிப் பேரை வெளியே அனுப்பிவைத்தவள் அவள்தான். ஜெர்மனிக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள், ஸ்பெயினுக்குப் பழம் பறிக்கப் போனவர்கள், படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள், எல்லோருக்கும் தலைநகர் சோபியா வரைக்குமான சீட்டு அவள் கையால்தான். தன் ஒரே மகன் பிளாமெனுக்கும் அவளே கிழித்துக் கொடுத்தாள். இத்தனை பேரை வழியனுப்பியவளுக்கு அந்த வேலை பழகியிருக்க வேண்டும். பழகவில்லை. வீட்டிலிருந்து யாராவது கிளம்புகிறார்கள் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே தூக்கம் போய்விடும். அதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்து, கிளம்புகிறவர் பெட்டிக்குள் சாப்பாட்டைத் திணிப்பது.

அந்த டிசம்பர் மாதச் சனிக்கிழமை கிளம்ப வேண்டியவள் கேரிஸ். வேல்ஸ் நாட்டுப் பெண், இருபத்திரண்டு வயது, ஆசிரியர் படிப்பில் கடைசி வருஷம். வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் மூன்று மாதம் பாடம் நடத்திக் காட்டினால்தான் பட்டம் என்பது அவள் கல்லூரியின் விதி. செப்டம்பரில் பள்ளி திறந்தபோது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்த வந்தாள். தங்க வீடு தேடினார்கள். பிளாமெனின் அறை எட்டு வருஷமாகக் காலியாகக் கிடந்தது.

"யாராவது படுத்து எழுந்தாத்தான் கட்டில் கட்டிலா இருக்கும்" என்றார் ரைனாவின் கணவர் தோப்ரின். மரக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கட்டில்மேல் அக்கறை இருக்காதா?

கேரிஸ் வந்தது லூட்டெனிட்சா கிண்டுகிற வாரம். சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, தக்காளியோடு அரைத்து, முற்றத்தில் அண்டா வைத்து நாள் முழுக்கக் கிண்டுகிற தொக்கு அது. அந்தப் பெண் தானாக வந்து மரக்கரண்டியை வாங்கிக்கொண்டாள். ஐந்து மணி நேரம் கிண்டினாள். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, முதல் வகுப்பைக் கையில் கட்டுப் போட்டுக்கொண்டுதான் நடத்தினாள். அன்று அடைத்த நாற்பது பாட்டில்களில் மூன்றை ரைனா கேரிஸுக்கென்று தனியாக எடுத்து அலமாரியின் பின்வரிசையில் மறைத்து வைத்தாள். தோப்ரின் கேட்டதற்குக்கூடத் தரவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. பிளாமெனுக்கு அவள் வருஷம் தவறாமல் தொக்கு அனுப்பிவந்தாள். போன கோடையில் ஜெர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கும் அவன் வீட்டுக்கு அவள் மட்டும் போனபோது, நிலவறையில் அத்தனை வருஷத்துப் பாட்டில்களும் அவள் சுற்றிக் கொடுத்த செய்தித்தாளைக்கூடப் பிரிக்காமல் வரிசையாக நின்றதைப் பார்த்தாள். தூசியை மட்டும் துடைத்துவிட்டு மேலே வந்தாள். இன்றுவரை தோப்ரினிடமும் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கேரிஸ் அவளிடம் கெஞ்சியிருந்தாள்.

"அத்தை, பாட்டில் மட்டும் வேண்டாம். விமானத்துல இருபது கிலோதான் விடுவாங்க. உடைஞ்சாலும் கஷ்டம்."

"வைக்க மாட்டேன்டி. என் மேல சத்தியம்."

"மாமா, நீங்கதான் சாட்சி."

"இவ சத்தியத்துக்கு நான் சாட்சி சொன்னா எனக்கு நரகத்துலதான் இடம்" என்றார் தோப்ரின்.

சனிக்கிழமை விடிகாலை, கேரிஸ் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ரைனா சத்தியத்தை மீறினாள். மூக்குக்கண்ணாடியைத் தேடக்கூட நேரமில்லை. சமையலறை மேசையில் கிடந்த காகிதங்களை ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒன்றாகச் சுற்றி, ரப்பர் போட்டு, கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே புதைத்தாள். மீதிக் காகிதத்தைத் தோப்ரின் வழக்கம்போல அடுப்பு பற்றவைக்க எடுத்துக்கொண்டார். பழைய வினாத்தாள்களையெல்லாம் அடுப்புக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி முந்தின நாளே கேரிஸ் சொல்லியிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்குத் தோப்ரின் தன் கொக்கித் தராசில் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"நேத்து பத்தொம்பது. இன்னைக்கு இருபத்திமூணு. ராத்திரியில எழுந்து பெட்டி எதையாவது தின்னுச்சா?"

"உன் தராசு துருப்பிடிச்சுப் போச்சு" என்றாள் ரைனா.

கேரிஸ் ரைனாவை ஒரு முறை பார்த்தாள். கடைசியாக ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளக் கைப்பையைத் திறந்து தன் காகித உறையை எடுத்தாள். உறைக்குள் விரல் விட்டுத் துழாவினாள், உறையைக் கவிழ்த்து உதறினாள்.

பயிற்சிச் சான்று இல்லை. எந்த வாரம் எத்தனை மணி நேரம் பாடம் நடத்தினாள் என்று எழுதி, தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரை குத்தித் தந்த தாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் கல்லூரியில் அதன் அசலை நீட்ட வேண்டும். நீட்டாவிட்டால் மூன்று மாதமும் கணக்கில் வராது, வேறொரு வருஷம் வேறொரு பள்ளியில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். தலைமையாசிரியையோ வெள்ளிக்கிழமை சாயங்காலமே வர்னாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். முத்திரை பள்ளி இரும்புப் பெட்டிக்குள், சாவி அவள் இடுப்பில். சோபியா பேருந்து ஒரு மணிக்கு. அதை விட்டால் விமானத்தையும் விட வேண்டியதுதான்.

மூன்று பேரும் வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். கட்டிலுக்கு அடியில், கம்பளத்துக்கு அடியில், குளிர்பதனப் பெட்டிக்குள்கூடப் பார்த்தார்கள். பதற்றம் வந்தால் மனுஷர்கள் அப்படித்தான்.

"நேத்து சாயங்காலம் இந்த மேசையிலதான் வெச்சேன்" என்றாள் கேரிஸ். "நல்லா ஞாபகம் இருக்கு."

மேசை என்றதும் தோப்ரின் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். பிறகு மெல்ல அடுப்புப் பக்கம் திரும்பினார்.

"அங்கே கிடந்த காகிதத்தைத்தானே நான் காலையில..." என்றவர் முடிக்கவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, சூடு ஆறாத சாம்பலைக் கம்பியால் கிளற ஆரம்பித்தார். கருகிய காகித ஓரம் ஒன்று அகப்பட்டது. அதில் ஆங்கில எழுத்து இருந்தது. எந்தத் தாளின் ஓரம் என்று யாருக்குத் தெரியும்?

அந்த நிமிஷத்தில்தான் ரைனாவுக்குத் தன் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. முதல் இரண்டு பாட்டிலுக்கும் காகிதம் சொன்னபடி மடங்கியது. மூன்றாவதில் மடங்க மறுத்தது, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி மடிக்க வேண்டியிருந்தது. நல்ல கெட்டிக் காகிதம், பாட்டிலுக்குப் பாதுகாப்பு என்று அப்போது சந்தோஷம்கூடப் பட்டாள்.

மணி பன்னிரண்டே கால். வாயைத் திறந்தால் போதும். ரைனா திறக்கவில்லை.

முதலில் வெட்கம்தான் தடுத்தது. தலைமேல் கைவைக்காத குறையாகச் சத்தியம் செய்துவிட்டு, அந்தப் பெட்டியையே திறந்து மூன்று பாட்டிலை எடுத்துக்காட்ட வேண்டும். ஆனால் வெட்கம் ஒரு நிமிஷ விஷயம். அதற்குப் பின்னால் வேறொன்று மெதுவாகத் தலைநீட்டியது. தாள் கிடைக்காவிட்டால் இவள் இன்றைக்குப் போக மாட்டாள். தலைமையாசிரியை வரும்வரை இங்கேதான். நாளை ஞாயிறு, அரிசி அடைத்த குடைமிளகாய் செய்யலாம். பிளாமென் அறையில் இன்னும் இரண்டு ராத்திரி விளக்கு எரியும். அந்தப் பெண்ணின் ஒரு வருஷப் படிப்பு போகும் என்பது ரைனாவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் மிளகாய்க்கு எவ்வளவு அரிசி வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பெட்டி இருந்த பக்கம் கண் போனது, சட்டென்று திருப்பிக்கொண்டாள்.

தேடிக்கொண்டிருந்த கேரிஸ் திடீரென்று நிறுத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, ஒரு காபி குடிக்கலாமா?"

பெண் மனசு விட்டுவிட்டாள் என்று ரைனா நினைத்தாள். காபி போட்டாள். கேரிஸ் அதைச் சூடு போகும்வரை கையில் வைத்திருந்து, ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். சுவரில் மாட்டியிருந்த தோப்ரினின் பழைய தொப்பியைப் பார்த்தாள், ஜன்னலில் இருந்த செடியைப் பார்த்தாள், ரைனாவைப் பார்த்தாள். பேருந்துக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லாத ஒருத்தி குடிக்கிற காபியாக அது இல்லை.

சாம்பலில் முழங்கை வரை கறுத்துப்போன தோப்ரின் எழுந்து நின்றார்.

"நான்தான் எரிச்சிட்டேன். பொண்ணோட படிப்பையே அடுப்புல போட்டுட்டேன்."

"உங்க தப்பு இல்ல மாமா" என்றாள் கேரிஸ். "நிச்சயமா இல்ல."

"நானும் கூட வரேன். உங்க காலேஜ்ல வந்து நானே சொல்றேன், இந்தக் கிழவன்தான் எரிச்சான்னு. ரைனா, என் கோட்டை எடு."

விமானத்தின் படிக்கட்டைக்கூடத் தொட்டறியாத மனுஷன். வேல்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. சாம்பல் கையோடு கோட்டின் ஒரு கையை மாட்டிக்கொண்டு அவர் நின்ற கோலத்தை ரைனாவால் தாங்க முடியவில்லை.

"கோட்டைக் கழட்டு" என்றாள். "நீ எதையும் எரிக்கல. கேரிஸ், பெட்டியைத் திற."

மூன்றாவது பாட்டிலைச் சுற்றி, ரப்பருக்கு அடியில், வட்ட முத்திரை நீல நிறத்தில் தெரிந்தது. ஒரு மூலையில் எண்ணெய் கசிந்து செம்பொட்டு இருந்தது, கையெழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தோப்ரின் பாட்டிலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"என் தராசு துருப்பிடிச்சுப் போச்சுன்னு சொன்னியே" என்றார். அதற்குமேல் திட்ட அவருக்குத் தெம்பு இல்லை.

ரைனா பாட்டில்களைத் திரும்ப எடுத்து அலமாரிப் பக்கம் நடந்தாள். கேரிஸ் குறுக்கே வந்து அவற்றை வாங்கிக்கொண்டாள். பெட்டியிலிருந்த குளிர்காலப் பூட்ஸை வெளியே இழுத்துப் போட்டாள், தடித்த இரண்டு புத்தகங்களையும் எடுத்துப் போட்டாள், அந்த இடத்தில் பாட்டில்களைத் தன் துணிகளால் சுற்றி வைத்தாள்.

"பூட்ஸ் இங்க இருக்கட்டும் அத்தை."

பிறகு ஓட்டம்தான். போகிறவர் வழி தண்ணீர்போலத் தடையில்லாமல் ஓடட்டும் என்று வாசலில் ஊற்றுவதற்காக ரைனா காலையிலேயே செம்பில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். ஓடுகிற அவசரத்தில் மூன்று பேருமே அதைத் தாண்டிப் போனார்கள். நிலையத்தில் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. கேரிஸ் ரைனாவைக் கட்டிக்கொண்டு கன்னத்தோடு கன்னம் வைத்தாள். ரைனா எதையோ சொல்லத் தொடங்கினாள், அதற்குள் கேரிஸ் படியேறிவிட்டாள். கதவு மூடியது. அப்போதுதான் செம்பு நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நின்ற யாருடைய கையிலிருந்தோ தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிப் பேருந்தின் பின்னாலேயே ஓடி ஊற்றினாள்.

"ரைனா, டயரையும் கழுவிவிடு, புண்ணியமாப் போகும்" என்று ஓட்டுநர் ஜன்னல் வழியே கத்திவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அரிசி அடைத்த மிளகாய் செய்தாள், அவளுக்கே இறங்கவில்லை. எண்ணெய்ப் பொட்டு விழுந்த தாளைக் கல்லூரிக்காரர்கள் வாங்குவார்களா? முத்திரைமேல் சந்தேகப்பட்டால்? தோப்ரின் பக்கத்து வீட்டு மனுஷனிடம் நடந்ததை நகைச்சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நிமிஷம் அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அது கறியில் விழுந்த முடிபோல அவள் வாயிலேயே நின்றது.

திங்கட்கிழமை சீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். வேல்ஸில் ஒன்பது மணி என்றால் இங்கே பதினொன்று. பதினொன்றிலிருந்து கைபேசியை மடியிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு பேருக்குத் தப்பான ஊருக்குச் சீட்டுக் கிழித்தாள். பன்னிரண்டு மணிக்கு ஒரு படம் வந்தது. மேசைமேல் அந்தத் தாள், செம்பொட்டுக்குப் பக்கத்தில் கல்லூரி முத்திரை. தாளுக்குப் பின்னால் எண்ணெய் கசிந்த அந்த மூன்றாவது பாட்டில். மூடி திறந்திருந்தது. உள்ளே பாதிதான் இருந்தது, கரண்டி அதிலேயே நின்றது.

ரைனா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள், தாளை அல்ல, பாட்டிலை. பிறகு எழுதினாள்: திறந்த பாட்டிலை வெளியே வைக்காதே, கெட்டுப்போகும். அனுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி இன்னொன்றும் எழுதினாள்: அன்னைக்குத் தாள் எங்கே இருக்குன்னு எனக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் சொல்லல. நீ போகக் கூடாதுன்னுதான்.

பதில் உடனே வந்தது.

"தெரியும் அத்தை. நீங்க பெட்டியைப் பார்த்துட்டுச் சட்டுனு திரும்பினீங்க. அதான், நீங்களே சொல்லட்டும்னு காபி கேட்டேன்."

கண்ணாடிக்கு வெளியே யாரோ ஒருவர் விரல் கணுக்களால் தட்டி, சோபியாவுக்கு ஒன்று என்றார்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு, வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க ரைனா அழுதாள்.