சட்டைக்குள் தலை மறைந்த நொடி

என் மகள் ஜெனிக்கு இரண்டு வயதாகியும் நடை வரவில்லை. முல்லைத்தீவில் எங்கள் கரையோர ஊரில் எல்லோரும் அவளுடைய காலைத்தான் குறை சொன்னார்கள். நானும் நம்பி, எண்ணெய் தேய்த்து, கடற்கரை மணலில் குழி தோண்டி அவளை இடுப்பளவு நிறுத்தி வைத்தேன். தடித்த அடியுள்ள சப்பாத்தும் வாங்கிப் போட்டேன்.

ஒரு ஞாயிறு பூசைக்கு அவளை உடுத்தி வெளிக்கிடுத்தும்போது, கட்டிலோடு சாய்ந்து நின்றவளுக்குத் தலைவழியே சட்டையை மாட்டினேன். துணி கண்ணை மறைத்ததும் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். கட்டில் விளிம்பில் தலை மோதுமுன் எப்படியோ பிடித்துவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இதைச் சொன்னதும் வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார். பரிசோதனைகள் முடிந்தபின், "அம்மா, கால் நல்லாத்தான் இருக்கு. காதுக்குள்ளை சமநிலையைப் பாக்கிற பகுதிதான் சரியா வேலை செய்யேல்லை. பிள்ளை கண்ணாலையும் உள்ளங்காலாலையும்தான் நிதானம் பிடிக்குது. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, பக்கத்திலை நிண்டு வெறுங்காலோடை பழக்குங்கோ" என்றார்.

என் கணவர் முற்றத்துத் தென்னைகள் இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி, வலையிலிருந்து கழற்றிய செம்மஞ்சள் மிதவைகளை அதில் கோத்தார். ஜெனி ஒவ்வொரு மிதவையாகப் பார்த்துப் பிடித்து நடந்தாள். விழுந்தாள், அழுதாள், திரும்பவும் கயிற்றிடமே போனாள். மாதங்கள் கழித்து ஒரு காலை, தொழிலுக்குப் போன தகப்பன் மீன் கூடையோடு வருவதைக் கண்டதும் அவரை நோக்கி நேரே நடந்தாள்.

"இஞ்சை ஓடி வாருமப்பா! ஜெனி கயித்தை விட்டிட்டாள்!" என்று முற்றத்திலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டார்.

நான் போய்ப் பார்க்கையில் மீனெல்லாம் மணலில். மகள் அவர் தோளில்.

இப்போது அவளுக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைதான் தைக்கிறேன். முகம் கழுவுமுன்னும் கையைப் பிடித்துக்கொள்கிறேன். ஆனால் பொத்தான் பூட்டும்வரை அவள் எங்கே நிற்கிறாள்? பாதியிலேயே ஓடிவிடுகிறாள்.