புல்லில் போட்ட வலை

பழவேற்காடு ஏரிக்கரைப் புல்வெளியில் விடிந்ததிலிருந்து துணிவலை வீசிக்கொண்டிருக்கிறேன். என் ஆராய்ச்சிக்கு வேண்டியது அரிசியைவிடச் சிறிய ஒரு பச்சைத் தத்துப்பூச்சி. அது பிடிபடுவதாக இல்லை.

தோளில் ஈரவலையும் கையில் காலிக் கூடையுமாக வரும் மீனவர் ஒருவர் நிற்கிறார்.

“இன்னா சார், இன்னிக்கி உன் பாடா?”

இந்த ஏரியில் யார் எந்த நாள் வலை போடலாம் என்று ஊரே கூடி முறைவைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பெயர்தான் பாடு.

“இது பூச்சி வலைங்க.”

“இன்னா வலையா இருந்தா இன்னா? இன்னிக்கி எங்க பாடு.”

அவர் சொல்லும்போதே பூச்சி ஒன்று சிக்குகிறது. கண்ணாடிக் குழாயில் போட்டுப் பெருமையாக நீட்டுகிறேன். மூடியைத் திறந்து பார்க்கிறார். ஒரே தத்து. பூச்சி அவருடைய தோள்வலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

“அதான் சொன்னேன்ல சார், எங்க பாடுன்னு!” பூச்சியோடு கிளம்புகிறார். “காலைலேர்ந்து இப்பத்தான் ஒண்ணு மாட்டிக்கீது.”