காலி டாங்க்குக்கும் நாலு மில்லி ஆம்பியர்

போன வாரம் பலமனேரிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். அங்கே ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் வேலையாம்.

"சார், டாங்க்ல பாலு சுத்தமா இல்ல. அப்பவும் ஒயர்ல நாலு மில்லி ஆம்பியர் ஓடிக்கினு கீது. இல்லாத பாலுக்கு இன்னாத்துக்கு சார் கரண்ட்டு?"

நியாயமான கேள்வி. சித்தூர் மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் இருபது வருடம் இதே வேலை பார்த்தவன் நான். ஆனால் பாதி பதிலுக்கு மேல் சொல்லவில்லை. டவர் இல்லை என்று பொய் சொல்லி போனை வைத்துவிட்டேன். மீதியை இங்கே சொல்கிறேன்.

டாங்க்கில் இருக்கும் கருவி, தூரத்து கன்ட்ரோல் ரூமுக்கு அளவைக் கரண்ட்டாக அனுப்புகிறது. வோல்டேஜாக அனுப்பினால் நீள ஒயர் வழியிலேயே கொஞ்சம் தின்றுவிடும். கரண்ட் அப்படியில்லை — கிளம்பியது அப்படியே வந்து சேரும். டாங்க் நிறைந்தால் இருபது. காலியென்றால் நாலு. ஏன் பூஜ்யம் இல்லை? ஒயர் அறுந்தாலும் பூஜ்யம்தானே... காலியா, அறுந்ததா, எப்படித் தெரியும்? அதனால்தான் நாலு. 'என்னிடம் ஒன்றுமில்லை, ஆனால் நான் இருக்கிறேன்' என்று அர்த்தம்.

எங்கள் நைனாவும், அதாவது அப்பாவும், இதைத்தான் செய்தார்.

நகரிப் பக்கம் எல்லையோரக் கிராமம். மாநிலம் பிரித்தவர்கள் எங்கள் ஊரை ஆந்திராவில் வைத்தார்கள். அது செல்போன் டவருக்குத் தெரியாது. நைனாவின் போன் கூடத்தில் ஆந்திரா, கிணற்றடியில் தமிழ்நாடு. ரோமிங்குக்குப் பயந்து அவர் பேசவே மாட்டார். தினமும் காலை ஆறு மணிவாக்கில் ஒரு மிஸ்டு கால். விசேஷம் ஒன்றுமில்லை, இருக்கிறேன். அவ்வளவுதான்.

ஒரு நாள் ஆறரையாகியும் வரவில்லை. நான் என்ன செய்தேன்? மனைவியின் செருப்பை மாட்டிக்கொண்டு, நகரி பஸ் என்று நினைத்து திருப்பதி பஸ்ஸில் ஏறி, புத்தலப்பட்டில் இறங்கி நடுரோட்டில் அழுது, மத்தியானம் ஊர் போய்ச் சேர்ந்தேன். நைனா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.

"சார்ஜ் பூட்ச்சிடா. அதுக்கா இம்மாந்தூரம் ஓடியாந்த? அது யாரு செருப்புடா?"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்கப்புறம் மிஸ்டு கால் ஒரு நாளும் தவறவில்லை. மாம்பழ சீசன் வந்தது. டூட்டி, டூட்டி என்று நான் ஊர்ப் பக்கமே போகவில்லை. காலையில் கால் வந்துவிடுகிறதே, அப்புறம் என்ன?

சீசன் முடிந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு கிருஷ்ணவேணி அக்கா வெளியே வந்தார். கையில் நைனாவின் போன்.

"நைனா எங்கக்கா?"

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "திருப்பதி ஆஸ்பத்திரில கீறாருப்பா. பதினோரு நாளாச்சி. எங்க வூட்டுக்காரருதான் கூட இருக்காரு."

"காலையில கூட மிஸ்டு கால் வந்துச்சே..."

"நான்தாம்பா குட்த்தேன். 'அவன் பயந்தவன், பதறிக்கினு ஓடியாந்து எதுலயாச்சும் அடிபட்டுக்குவான். நான் திரும்பி வர்ற வரிக்கும் நீ குட்த்துக்கினே இரு'ன்னு போனைக் கைல வச்சிட்டுப் போனாரு."

ஃபாக்டரியில் எங்கள் திருட்டுத்தனம் ஒன்று உண்டு. சீசன் நேரத்தில் கருவி கெட்டு அலாரம் அடித்தால், அதைக் கழற்றிவிட்டு ஒரு சின்னப் பெட்டியிலிருந்து பொய்க் கரண்ட் கொடுப்போம். கன்ட்ரோல் ரூமில் எல்லாம் நலம் என்று காட்டும். ஆனால் உயிருள்ள சிக்னல் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். பொய் சிக்னல் ஆடாது. நைனா ஐந்து ஐம்பதுக்கும் கொடுப்பார், ஆறு பத்துக்கும் கொடுப்பார். அந்தப் பதினோரு நாளும் டாண் என்று ஆறு மணிக்கே வந்தது. இருபது வருட சர்வீஸ்... எனக்கு உறைக்கவில்லை.

திருப்பதியில் நைனாவுக்கு நினைவு இருந்தது. பேச்சுதான் நின்றுவிட்டிருந்தது. இரண்டு நாள் முன்னால் வரை பேசினாராம். கட்டிலோரம் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அலறவில்லை, ஓடவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு வார்த்தை — பயப்படுங்கள், ஆனால் வெளியே தெரியாமல் பயப்படுங்கள். ரொம்பப் பதறுகிறவனிடம் வீட்டில் யாரும் நிஜத்தைச் சொல்வதில்லை.