மலையூர்களைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்திய கதை

எண்பதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையூர்களுக்குக் கிணறு வெட்டும் திட்ட அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்தேன். எங்கள் மலையில் பிறந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

அறிக்கை ஆங்கிலத்தில். முன்னுரையை மட்டும் யாரையும் நம்பாமல் அதிகாரியே அடித்திருந்தார். எழுத்துப்பிழை பார்க்க ஒரு கட்டளை உண்டு. தட்டினால், தனக்குத் தெரியாத சொற்களை எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் கொட்டும். எங்கள் ஊர்ப் பெயர் ஒன்றுகூட அதற்குத் தெரியவில்லை. அத்தனையும் தப்பாம்!

அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இத்தினி தப்பு? சாயங்காலத்துக்குள்ள இதுல ஒரு தப்பும் காட்டக் கூடாது. இல்லன்னா வேற ஆளப் போட்டுக்கறேன், நீ வூட்டுக்குப் போ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊரு பேரெல்லாம் சரிதாங்க சார். மிஷினுக்குத்தான் தெரியல."

"அப்ப தெரிய வையி" என்று போய்விட்டார்.

கையேட்டைப் புரட்டினேன். கட்டளையோடு ஒரு கூட்டல் குறி போட்டு, நம்முடைய சொற்பட்டியலைக் கொடுத்தால், அதிலுள்ள சொற்களைத் தப்பென்று சொல்லாதாம். எல்லா ஊரையும் அடித்துக் கொடுத்தேன். பாதி ஊர் மறைந்தது, பாதி அப்படியே நின்றது. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வேலை போய்விடும் என்று அழுகையே வந்துவிட்டது.

மறுபடி கையேடு. பட்டியல் அகரவரிசையில் இருக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அடி பாவி! நான் அடித்திருந்தது திருவிழா வரிசை. சாமி முன்னால் எந்த ஊருக்கு முதல் மரியாதை, எதற்கு அடுத்தது என்று எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. மாற்றிச் சொன்னால் அடிதடிதான். யோசிக்காமலே என் விரல்கள் அந்த வரிசையில் போயிருக்கின்றன.

வரிசைப்படுத்தும் கட்டளையைக் கொடுத்தேன். முதல் மரியாதை ஊர் கடைசிக்குப் போனது. சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபடி பிழை பார்த்தேன்.

ஒரே ஒரு சொல் வந்தது. எங்கே இருக்கிறதென்று தேடிப் பார்த்தேன். துள்ளிக் குதிக்காத குறைதான். அதிகாரியைக் கூப்பிட்டேன்.

"இன்னும் ஒண்ணு நிக்குதே?" என்றார்.

"ஊரெல்லாம் போய்ட்டுதுங்க சார். அது நீங்க அடிச்ச முன்னுரையில இருக்குது. இப்ப யாருங்க சார் வூட்டுக்குப் போறது?"