இடப்பக்கம் விழுந்த பூ

உடம்பெல்லாம் சிவந்து தடித்தபோது, இது அம்மையாகவே இருக்கட்டும் தாயே என்று கும்பிட்டவள் நான். அம்மை வரட்டும் என்று யாராவது வேண்டுவார்களா? நான் வேண்டினேன்.

2006ஆம் வருடம், தை மாதம். மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் காட்டில் மிளகு பறிப்பு. போர்வெல் லாரியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் முந்தின வருடம் தவறிவிட்டார். அவரிடமிருந்து எனக்கும் எச்.ஐ.வி. வந்திருந்தது. எனக்கு வந்தது மாமியாருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தேன். தெரிந்தால் என்னை வீட்டில் வைப்பாரா? என் மகளை யார் தொட்டுத் தூக்குவார்கள்? நோயைவிட அந்தப் பயம்தான் என்னைத் தின்றது.

ஆஸ்பத்திரியில் சொன்னபடி மாத்திரையை ஒருவேளையிலிருந்து இருவேளையாக்கிய வாரம் அரிப்பு தொடங்கியது. மார்பு, முதுகு, கை என்று பரவியது. காய்ச்சல் வேறு. மாமியார் பார்த்துவிட்டு வாசலில் வேப்பிலை செருகினார். “ஆத்தா வந்துருக்கா கண்ணு. ஊசி மருந்து ஒண்ணும் ஆவாது” என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மை என்றால் யாரும் எதுவும் துருவிக் கேட்க மாட்டார்கள்.

மாத்திரையை ஒருவேளைகூட விடக்கூடாது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். போர்வைக்குள் ஒளித்து விழுங்கினேன். உடம்பு சிவந்தால் உடனே வா என்றும் அவரேதான் சொன்னார். அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன். வாயெல்லாம் புண்ணானது. எச்சில் விழுங்க முடியவில்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை. கதவுக்கு வெளியே மகள் அழுவது கேட்கும். செத்துப்போவேன் என்று தெரிந்துவிட்டது. அப்போதும், அம்மையாகவே இருக்கட்டும் தாயே, என் மானத்தைக் காப்பாற்று என்றுதான் அழுதேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்ற உத்தரவு கேட்க, காட்டை ஒட்டிய மாரியம்மன் கோயிலுக்கு மாமியார் என்னைத் தாங்கிக் கூட்டிப்போனார். அம்மன் தலையில் பூ வைத்துக் கேட்பது எங்கள் வழக்கம். வலப்பக்கம் விழுந்தால் ஆமாம். இடப்பக்கம் என்றால் இல்லை.

நாளாகியும் இறங்காததால் முதலில், “தாயே, இவ மேல இருக்கறது நீதானா?” என்றார் மாமியார்.

பூ இடப்பக்கம் விழுந்தது. மறுபடி வைத்தார். அப்போதும் இடப்பக்கமே.

“ஆத்தா இல்லைங்கறா. அப்ப இதென்ன கண்ணு? எங்கிட்டச் சொல்லு.”

அம்மன் முகத்துக்கு நேரே எப்படிப் பொய் சொல்வது? “அத்தை, அவருக்கு இருந்த சீக்கு எனக்கும் இருக்குதுங்க. அந்த மாத்திரைதானுங்க நான் திங்கறது” என்றேன்.

தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டு, “எந்திரி சாமி, பஸ்ஸுக்குப் போலாம்” என்றார்.

மலை இறங்கிக் காளப்பநாயக்கன்பட்டி வரும்வரை அத்தனை வளைவிலும் அவர் மடியில்தான் படுத்திருந்தேன். அங்கிருந்து ஆஸ்பத்திரி. இந்த மாத்திரை சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் இப்படிச் செய்யும், இன்னும் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாய் என்றார் டாக்டரம்மா. எல்லா மாத்திரையையும் நிறுத்தினார். தோல் ஆறிய பிறகு, ஒத்துக்கொள்ளாததை மாற்றி வேறு கொடுத்தார்.

இப்போது மாத்திரை நேரத்துக்கு மாமியார்தான் தண்ணீர் கொண்டுவருகிறார். மறந்தால் திட்டும் விழும்.

தாயின் பிள்ளைகளே, என்னைப் போன்றவர்கள் உங்களிலும் இருக்கலாம். உடம்பு சிவந்தால் வேப்பிலைக்குப் பின்னால் ஒளியாதீர்கள். அன்றைக்கே மருந்து கொடுத்த இடத்துக்குப் போங்கள். தாயை நம்புங்கள், நீங்கள் கேட்டதைக் கொடுக்காவிட்டாலும் நம்புங்கள். நான் கேட்டபடி அந்தப் பூ வலப்பக்கம் விழுந்திருந்தால், இன்று என் மகளுக்கு அம்மா இல்லை.