அண்ணி அளந்த அறை

எங்கள் அண்ணிக்கு எதையும் அளந்து பார்க்காவிட்டால் சோறு இறங்காது. கண்ணாடி டம்ளர் செய்யும் ஆலையில், பேக்கிங் பிரிவில் வேலை. டம்ளர்களைத் தாளில் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் நெருக்கி அடுக்கி, டேப் ஒட்டி, காதருகே தூக்கி ஒரு குலுக்குக் குலுக்குவார். லேசாகச் சத்தம் வந்தாலும் பிரித்து மறுபடி முதலிலிருந்து. "பெட்டிக்குள்ள ஆடுற சாமான்தான் உடையும்" என்பது அவருடைய வேதவாக்கு. வீட்டிலும் அதே கதைதான். எங்கள் பீரோவைத் திறந்தால் துணிகள் செங்கல் அடுக்கிய மாதிரி இருக்கும். ஒரு சட்டையை உருவினால் திரும்ப வைக்க அண்ணிதான் வரவேண்டும்.

நான் அவருடைய கொழுந்தன். பெயிண்ட் அடிக்கப் போன இடத்தில் சாரம் சரிந்து விழுந்ததிலிருந்து எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கால்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, முன்னறையில் மிக்ஸியும் மின்விசிறியும் பழுது பார்க்கிறேன். கை நன்றாக வேலை செய்கிறது. வாய் அதைவிட நன்றாக. எனக்கு வாய்க்கொழுப்பு என்று தெருவே சொல்லும். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என்னை வீட்டுக்குக் கூட்டிவந்து, "தம்பி இனிமே இங்கதான்" என்று ஒரே வரியில் பேச்சை முடித்தவர் அண்ணி. அண்ணன் வாயைத் திறப்பதற்குள் எனக்குத் தட்டு வைத்தாயிற்று.

முன்பு ஒரு புயல் வந்தது. எல்லோரும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு வண்டி போனது. அண்ணன் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் வேலையில் இருந்தார். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். என் நாற்காலி வாசற்படியைத் தாண்டாது. அண்ணி தன் இரண்டு பெண்களையும் பக்கத்து வீட்டாரோடு அனுப்பிவிட்டு என்னோடு தங்கிவிட்டார். என்னைக் கீழே இறக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். உள்ளே ஒருவருக்குத்தான் இடம். அவர் வெளியே, கட்டிலை ஒட்டிக் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"போங்க அண்ணி, புள்ளைங்களப் பாருங்க" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க தம்பி. காத்து போடுற சத்தமே போதும்."

கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு போனது. போகிற போக்கில் ஒரு துண்டு அண்ணியின் தோளைக் கிழித்தது. சேறும் தண்ணீருமாக நான் தரையில் கிடந்தேன்; அவருடைய ரத்தம் அந்தத் தண்ணீரில் கலந்து என் பக்கமாக வந்தது. இன்னொரு தடவை எனக்காக யாரும் வெளியே கிடக்கக் கூடாது, அப்படி ஒரு நாள் வந்தால் அதற்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். கூரையை மறுபடி போட்ட பிறகு அதை அண்ணியிடமே சொன்னேன்.

"போய்ச் சேர்றதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல ஒரு ரூம் கட்டுவோம்" என்றார்.

சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உடைந்த சாமான் போட்டு வைக்கும் மூலை ஒன்று இருந்தது. ஒரு பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர், மறு பக்கம் கழிவுநீர்த் தொட்டி. ஒரு சாண்கூட நீட்ட முடியாது. இருக்கிற இடத்துக்குள் குடும்பம் மொத்தமும் அடங்க வேண்டும். அண்ணிக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. அதே அளவுக்கு முன்னறைத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, சுற்றிக் கோடு இழுத்தார். பெரியவள் முழங்காலை மடக்கி, சின்னவள் அவள் முதுகில் சாய்ந்து, அண்ணன் தொந்தியை எக்கிக்கொண்டு.

"நானும் தரையில உக்காந்துக்கறேன் அண்ணி. நாற்காலி எதுக்கு, எடத்த அடைக்க?" என்றேன்.

"உங்கள மறுபடி தரையில போட மாட்டேன். நாற்காலியோட ராஜா மாதிரிதான் உள்ள போவீங்க." நாற்காலியைச் சுற்றியும் கோடு இழுத்தார். கட்டத்தில் பாதி அதற்கே போனது.

கொத்தனார் நல்ல மனிதர். அஸ்திவாரத்திலிருந்து கிளம்பும் கம்பியை அறுக்காமல் சுவர் வழியாக மேலே கொண்டுபோய், மேல்தளத்துக் கம்பியோடு பின்னிக் கட்டினார். ஓட்டை விட்ட சிமெண்ட் கல்லால் சுவர் எழுப்பி, அந்த ஓட்டைகளில் எல்லாம் கான்கிரீட்டை ஊற்றிக் குத்தினார். வீட்டுக் கூரைக்கும் இந்த அறைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது பறந்தாலும் இது அசையாது. காற்று வர உயரத்தில் இரண்டு துளைகள். சமையலறைப் பக்கம் இரும்புக் கதவு, வெளிப்பக்கம் திறக்கும், உள்ளே மூன்று தாழ்ப்பாள். வெளியே இடிபாடு விழுந்து கதவு அடைபட்டால் தப்பிக்க, குளியலறைப் பக்கம் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குச் சின்னக் கதவு ஒன்று. "இது எனக்குன்னே வச்ச கதவு. தவழ்றதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது" என்றேன். கொத்தனார் சிரித்தார், அண்ணி முறைத்தார்.

கட்டி முடித்ததும் ஒத்திகை ஆரம்பமானது. நினைத்தால் ஒத்திகை. குழம்பு கொதிக்கும்போது, அண்ணன் முகத்தில் சோப்புப் போட்டிருக்கும்போது, "உள்ள!" என்று ஒரு குரல் வரும். ஓடிப்போய் அவரவர் இடத்தில் உட்கார வேண்டும். அண்ணி வாசலில் நின்று தலைகளைப் பார்ப்பார், முட்டியைத் தட்டி உள்ளே தள்ளுவார், கதவை அடைப்பார். "தாழ் போடுங்க!" அண்ணன் மூன்று தாழ்ப்பாளையும் போடுவார். அண்ணி வெளியிலிருந்து கதவைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்குவார். சத்தம் வராது. "சரி, வாங்க" என்பார். தெருவில் எங்களுக்கு 'பார்சல் குடும்பம்' என்று பெயர் வைத்தார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டோம்.

அடுத்த புயல் ஒரு மத்தியானம் வந்தது. வந்து சேர இரவாகும் என்றுதான் வானொலியில் சொன்னார்கள். அது யார் பேச்சையும் கேட்கவில்லை. வானம் கறுத்ததும் வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். கூரை தடதடக்க ஆரம்பித்ததும் அண்ணி "உள்ள!" என்றார். பழகிய கால்கள், பழகிய இடம். ஒரு வார்த்தை பேசாமல் போய் அடங்கினோம். கதவு சாத்தப்பட்டது.

"தாழ் போடுங்க!"

அண்ணனின் கை என் நாற்காலிக்கு மேலாகத் தானாகப் போய் முதல் தாழ்ப்பாளைப் போட்டது, இரண்டாவதையும் போட்டது.

"அண்ணி எங்க?" என்றேன்.

அண்ணன் தாழ்ப்பாளை உருவிக் கதவைத் தள்ளினார். அண்ணி வெளியே நின்றுகொண்டிருந்தார். தலைமுடி காற்றில் பறக்க, உள்ளே எட்டிப் பார்த்தார். நின்றபடி நுழையக்கூட இடமில்லை. அவருக்கே அப்போதுதான் உறைத்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இத்தனை வருஷம் பெட்டி கட்டிய கை. பெட்டி கட்டுகிறவளைப் பெட்டிக்குள் சேர்த்து யார் கணக்குப் போடுவார்கள்?

"நான் சமையல் மேடைக்கு அடியில பூந்துக்கறேன். நீங்க கதவச் சாத்துங்க" என்றார்.

"அம்மா!" என்று சின்னவள் வீறிட்டாள். அண்ணன் எழுந்து வெளியே வரப் பார்த்தார். அவர் முன்னால் என் நாற்காலி இருந்தது, நகர முடியவில்லை.

எனக்கு வந்தது பயமில்லை, கோபம். சுவரைக் கையால் உந்தி, மூட்டை சரிவதுபோல நாற்காலியிலிருந்து விழுந்தேன். அண்ணன் தொடையில் தலை இடித்தது. "டேய், அத வெளிய தள்ளுங்கடா!" என்று கத்தினேன். அண்ணனை அப்படிக் கூப்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். பெரியவள் நாற்காலியை உதைத்துத் தள்ளினாள். நான் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கால்கள் மேலேயே வந்து விழுந்தார். மூன்று தாழ்ப்பாளும் விழுந்தன.

வெளியே நடந்ததை நாங்கள் காதால்தான் பார்த்தோம். கூரை கழன்ற சத்தம், பக்கத்து வீட்டு ஓடு விழுவது, ஏதோ பெரிதாக இடிந்தது. சுவர் அதிரவில்லை. கொத்தனாரின் கைக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

நடுவில் அண்ணி, "கால் வலிக்குதா தம்பி?" என்று கேட்டார். என் கால்களுக்கு வலி தெரியாது என்பது அவருக்குத் தெரியாதா? இருந்தும் கேட்டார்.

"நல்லா உக்காருங்க அண்ணி. இதுங்களும் ஏதாவது வேலை பாக்கட்டும்" என்றேன். பெண்கள் இருவரும் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார்கள்.

காற்று ஓய்ந்ததும் அண்ணன் குளியலறைக் கதவு வழியாகத் தவழ்ந்து போய், பெரிய கதவை அடைத்துக் கிடந்த தகரத்தை இழுத்துப் போட்டார். வெளிச்சம் வந்தது. சமையலறைச் சுவர் மொத்தமாகச் சரிந்து மேடைமேல் கிடந்தது. மேடைப் பலகை இரண்டாகப் பிளந்து தரையோடு தரையாக இருந்தது. அதற்கு அடியில் ஓர் எலிகூடப் பிழைத்திருக்காது. அண்ணன் அதைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் அம்மாவின் இடுப்பை இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டார்கள்.

அண்ணி மேடையைப் பார்த்தார். பிறகு செங்கல்லுக்கு நடுவில் நசுங்கிக் கிடந்த சக்கரத்தைக் காட்டி, "உங்க நாற்காலி போச்சே தம்பி. இப்ப நீங்க எப்படி வெளிய வருவீங்க?" என்றார்.

தரையில் கிடந்தபடியே அவருடைய இரண்டு கைகளையும் இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். விட மனசில்லை.

"விடுங்க தம்பி" என்றார் அண்ணி. "கையெல்லாம் மண்ணு. உங்க கண்ணுல பட்டுடும்."